மாதிரி ரயில் பாதைக்கு மரங்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

மாதிரி ரயில் பாதை அமைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது மரங்களுக்கு ஒரே ஒரு பத்தியை ஒதுக்கியிருந்தோம். அது போதவில்லை என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் உணர்த்தின. செங்கோட்டைப் பக்கத்திலிருந்தும் அதற்கு மேற்கே மலைக்கு அந்தப்புறமிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவற்றில், பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

செங்கோட்டை வாசகர்: நான் இளமையில் பயணம் செய்த செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையில், ஆரியங்காவு முதல் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வரையுள்ள பகுதியை ஆறடிக்கு இரண்டரை அடி பலகையில் ஹெச்.ஓ. என்ற மாதிரி அளவில் அமைத்து வருகிறேன். பாலம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கட்டாக வாங்கிய நூறு மரங்களை நட்டபிறகு எல்லாமே பொம்மைக்கடைபோல் ஆகிவிட்டது. தவறு எங்கே?

அளவுகோலை எடுத்து, நட்டிருக்கும் மரங்களில் ஒன்றை அளந்து பாருங்கள். கட்டாக விற்கும் மரங்கள் பெரும்பாலும் 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். ஹெச்.ஓ. என்பது நிஜ அளவில் 87இல் ஒரு பங்கு. 8 செ.மீ. மரத்தை 87ஆல் பெருக்கினால் 7 மீட்டர்கூட முழுதாக வராது. அது கொல்லைப்புறத்து முருங்கையின் உயரம். தென்மலைப் பக்கத்தில் 25 மீட்டர் உயரத் தேக்கு அபூர்வமானதல்ல. அதை ஹெச்.ஓ. அளவுக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 29 செ.மீ. வருகிறது. முருங்கை உயரத்தில் நூறு மரங்களை நட்டுவிட்டு அதைத் தேக்குக்காடு என்று நம்பச் சொன்னால் கண் நம்ப மறுக்கிறது, அவ்வளவுதான்.

பலகை முழுவதும் 29 செ.மீ. மரங்களை நிறுத்தினால் பாலமே மறைந்துபோகும் என்பதும் உண்மைதான். அதனால் இந்தப் பொழுதுபோக்கில் தேர்ந்தவர்கள்கூட மரத்தின் உயரத்தைச் சற்றுக் குறைத்துத்தான் செய்கிறார்கள். ரயில் பெட்டியின் உயரத்தைப்போல் நான்கு மடங்குக்குக் கீழே போகாதவரை, அதாவது 18 முதல் 20 செ.மீ. வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கண்ணுக்கு உறுத்தாது. முழு உயர மரங்கள் நான்கைந்தை மட்டும் பலகையின் முன் ஓரத்தில் நிறுத்தி, அவற்றின் இடைவெளி வழியாகப் பாலத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசை மரங்களுக்கு அடிமரமே தேவையில்லை. ஒரு குச்சியின் நுனியில் இலைத்திரள் இருந்தால் போதும்.

உயரத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்வது எந்த மாதம்? மீட்டர் கேஜ் வண்டிகள் 2010 செப்டம்பரோடு அந்த மலையில் நின்றுவிட்டன, அகலப்பாதை 2018இல்தான் திறக்கப்பட்டது என்பதால் ஆண்டு விஷயத்தில் உங்களுக்குத் தெளிவு இருக்கும். ஆனால் மாதத்தை யாரும் முடிவு செய்துகொள்வதில்லை. சாரல் அடிக்கும் ஆடி மாதம் என்றால், தேக்கு அகன்ற இலைகளோடு நின்று, உச்சியில் வெண்மஞ்சள் பூங்கொத்துகளைத் தூக்கிப் பிடித்திருக்கும். மாசி, பங்குனி என்றால் அதே மரம் இலையுதிர்த்து எலும்பாக நிற்கும். அடியில் பழுப்புச் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். கடையில் வாங்கிய மரங்களுக்கு மாதமே கிடையாது. அவற்றில் பாதி, பனிப்பிரதேசத்து ஊசியிலை மரத்தையோ ஓக்கையோ பார்த்துச் செய்தவை. ஆரியங்காவு ரயில் நிலையத்தின் பின்னால் அவை நின்றால் அந்நியம் தெரியத்தான் செய்யும்.

ஒரே ஒரு தேக்கை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். முதலில் உண்மையான மரம் ஒன்றைத் தேர்ந்து அதன் உயரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டு நிழலை அளக்கிறீர்கள். அது 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் மரத்தின் நிழல் 20 மீட்டர் என்றால் மரம் 25 மீட்டர். தரை சமமாக இருக்கும் இடத்தில் மட்டுமே இக்கணக்கு சரிவரும், மலைச்சரிவில் ஏமாற்றிவிடும்.

பழைய மின்கம்பியின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளில் நாற்பதை எடுத்து 45 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அடியில் 3 செ.மீ. பிரித்து விட்டுவிட்டால் அது பின்னர் வேராகவும், பலகையில் செருகும் முளையாகவும் பயன்படும். அதற்கு மேல் 12 செ.மீ. வரை கிளையே இல்லாமல் இறுக்கமாக முறுக்குங்கள். தோட்டத் தேக்கு இப்படித்தான், பாதி உயரம்வரை நேராகப் போய்விட்டுப் பிறகே கிளைவிடும். கிளைகளை இரண்டிரண்டு இழைகளாக எதிரெதிரே பிரித்து, ஒவ்வொன்றையும் சிறிது தூரம் முறுக்கி, மீண்டும் பிரிக்க வேண்டும். கிளைகள் சற்று மேல்நோக்கியே போகட்டும். தரைக்கு இணையாக மடக்கினால் அது தேக்காக இராது, வாதாமரமாகிவிடும்.

ஃபெவிகாலில் சுவர்ப் புட்டியைக் குழைத்துத் தோசைமாவுப் பதத்தில் மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். கடைசிப் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது பழைய பல்துலக்கியால் மேலிருந்து கீழாக இழுத்தால் பட்டையின் நெடுக்கு வெடிப்புகள் கிடைத்துவிடும். வண்ணம் தீட்டும்போது பழுப்பைத் தொடாதீர்கள். மரம் என்றதும் பழுப்பு என்பது பள்ளிக்கூட ஓவியப் பாடம் நமக்குக் கற்றுத் தந்த பொய். தேக்கின் பட்டை சாம்பல் நிறம். அதில் பழுப்பு ஒரு சாயலாக மட்டுமே இருக்கும்.

இலை விஷயத்தில் ஒரு கணக்கு உங்களுக்கு உதவும். தேக்கிலை 40 செ.மீ. நீளம் என்றால் மாதிரியில் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர். ஆகவே கடையில் விற்கும் நுண்ணிய பச்சைத் தூள் தேக்குக்குப் பொருந்தாது. காய்ந்த மாவிலையையோ பூவரச இலையையோ கையால் நொறுக்கி, மாவுச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிட்டு, மேலே தங்கும் 3, 4 மி.மீ. துண்டுகளைப் பச்சை தோய்த்துக் காயவையுங்கள். கடையில் வாங்கிய பச்சை வண்ணத்தை அப்படியே பயன்படுத்தாமல் மஞ்சள் காவி கொஞ்சமும் சிவப்பு ஒரு சொட்டும் கலந்தால் பச்சையின் துள்ளல் அடங்கும். கிளை நுனிகளில் மட்டும் பசை தொட்டு இலையைத் தூவுங்கள், உட்பக்கத்தில் வேண்டாம். முடித்தபின் மரத்தை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இலைகளின் நடுவே வானம் தெரிந்தால் வேலை சரி. தெரியாவிட்டால் நீங்கள் செய்திருப்பது முட்டைக்கோஸ்.

பூப்பருவத்துத் தேக்கு வேண்டுமானால், காய்ந்து உதிர்ந்த தேக்கின் பூங்கொத்தையே எடுத்து அதன் நுனிக் கிளைகளை நறுக்கி உச்சியில் ஒட்டலாம். அந்தக் கொத்து மரத்தைப் போலவே எதிரெதிராகக் கிளைவிடுவதால், சிலர் அதையே முழு மரத்துக்கும் எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு கம்பி வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கம்பி மரத்தைப் போலக் கிளையை வேண்டிய பக்கம் வளைக்க முடியாது.

புனலூர் வாசகர்: ரப்பர் தோட்டம் ஒன்றை மாதிரியில் அமைத்தேன். பார்ப்பவர்கள் எல்லாரும் காடு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். தோட்டமாகத் தெரிய என்ன செய்வது?

செங்கோட்டை வாசகருக்குச் சொன்னதை மறந்துவிடுங்கள். காட்டுக்கு ஒழுங்கின்மை அழகு. ரப்பருக்கு ஒழுங்குதான் அடையாளம். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இடைவெளி, அதுவும் சரிவான நிலத்தில் மேடு பள்ளத்தின் மட்டத்தை ஒட்டி வளைந்து செல்லும் படிவரிசைகள். ஒரு ஹெக்டேருக்கு 400 முதல் 500 மரங்கள்வரை நடுவது வழக்கம். ஹெச்.ஓ. அளவில் ஒரு சதுர மீட்டர் பலகை என்பது முக்கால் ஹெக்டேர் நிலம். ஆக அதற்கு 300 மரங்களுக்கு மேல் வேண்டும். மலைக்காதீர்கள், கால் சதுர மீட்டர் தோட்டம் என்றாலே எண்பது மரங்களில் முடிந்துவிடும். ஐந்தரை செ.மீ. இடைவெளியில் ஒரு அட்டையில் துளையிட்டு வைத்துக்கொண்டு அதைத் தரையில் பதித்துக் குறித்தால் வரிசை பிசகாது.

மரம் ஒன்றுக்கு செம்பு இழை பன்னிரண்டு போதும். அடிமரம் 2 மி.மீ. தடிமனுக்கு மேல் போக வேண்டாம். தரையிலிருந்து மூன்றரை செ.மீ. உயரத்தில் கவைபிரிந்து, மேலே நெருக்கமான குடையாக முடியட்டும். மொத்த உயரம் 20 செ.மீ. இருக்கலாம். பட்டை வெளிர்சாம்பல், அதில் ஈரமான பஞ்சால் ஒற்றியதுபோல் வெண்திட்டுகள்.

ரப்பரை ரப்பராகக் காட்டுவது பால்வெட்டு. தரையிலிருந்து 14 மி.மீ. உயரத்தில், பார்ப்பவரின் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கிச் சாய்வாக, மரத்தின் பாதிச் சுற்றுக்குக் கத்திமுனையால் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே பட்டை சீவிய பகுதியைச் சற்றுக் கருமையாக்குங்கள். கோடு முடியும் இடத்துக்குக் கீழே ஒரு சிரட்டை வேண்டும். சிரட்டையின் குறுக்களவு மாதிரியில் ஒன்றரை மி.மீ.கூட வராது, ஊறுகாய்க்கு உடைத்த கடுகில் ஒரு பாதியை எடுத்துக் கருப்படித்து, குழிவான பக்கத்தில் வெண்மையை ஊசிமுனையால் தொட்டு வைத்தால் பால் நிரம்பிய சிரட்டை தயார். முன்வரிசை பத்து மரங்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எண்பதுக்கும் செய்தால் கண் போய்விடும். பின்னால் இருப்பவை யாருக்கும் தெரியவும் தெரியாது. மழைமாதத்தைக் காட்டுவதாக இருந்தால் வெட்டுக்கு மேலே பாலித்தீன் தாள் துண்டைப் பாவாடைபோல் சுற்றி ஒட்டுங்கள். புனலூரில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

மாதத்தைப் பற்றி முன்பு சொன்னது இங்கும் பொருந்தும். தை மாதவாக்கில் ரப்பர் இலையுதிர்த்துச் செம்பு நிறத் தளிர் விடுகிறது. இலையில்லாத தேக்கின் பக்கத்தில் பச்சைப்பசேலென ரப்பரை நிறுத்திவிடாதீர்கள்.

பாலக்காடு வாசகி: எங்கள் ஊர் என்றாலே கரும்பனை. அதையும் தென்னை, கமுகு ஆகியவற்றையும் நம்பும்படி செய்ய முடியுமா? கடையில் வாங்கிய பனைமரங்கள் கடற்கரை விடுதியை நினைவூட்டுகின்றன.

முடியும் அம்மா, தேக்கைவிட எளிதும்கூட. கடையில் கிடைப்பவை பேரீச்சையையும் அலங்காரப் பனையையும் பார்த்துச் செய்தவை. கரும்பனையின் விசிறி ஓலை அவற்றில் இருப்பதில்லை.

கமுகை முதலில் செய்துவிடுங்கள், அதற்குத் தண்டு உங்கள் வீட்டு விளக்குமாற்றிலேயே இருக்கிறது. தென்னை ஈர்க்கின் அடிப்பகுதி சற்றேறக்குறைய ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமன், 15 செ.மீ. குறுக்களவுள்ள கமுகை 87இல் ஒரு பங்காக்கினாலும் அதே அளவு வருகிறது. 15 செ.மீ. நீளத்துக்கு ஒடித்து, வெளிர்சாம்பல் பூசி, ஒன்றரை மி.மீ.க்கு ஒரு வெண்வளையம் வரையுங்கள். உச்சியில் ஒரு செ.மீ. பகுதி வழவழப்பான பச்சை. அதன்மேல் எட்டு அல்லது ஒன்பது ஓலைகள். அதற்கு மேல் சேர்த்தால் கமுகின் மெலிந்த தோற்றம் கெட்டுவிடும்.

தென்னைக்கு சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்து இலேசாக வளைத்து, தையல் நூலை அடிமுதல் நுனிவரை சுற்றிப் பசை பூசுங்கள். நூலின் வரிகளே ஓலை விழுந்த வடுக்களாகிவிடும். அடியில் மட்டும் இன்னும் சில சுற்று சுற்றினால் தூர் பருக்கும். ஓலை 5 மீட்டர் என்றால் மாதிரியில் 57 மி.மீ. மெல்லிய தாளின் நடுவே முடிபோன்ற கம்பியைப் பசையிட்டு மடித்து, முனையை நோக்கிச் சாய்த்து ஒரு மி.மீ.க்கு ஒரு வெட்டாகக் கத்தரியுங்கள். முப்பது ஓலைகளையும் ஒரே மாதிரி வைக்காமல், நடுக்குருத்து நிமிர்ந்தும் அடுத்தவை வளைந்தும் அடியில் இரண்டு மூன்று பழுத்துத் தொங்கியும் இருக்கட்டும். கணவாய்க் காற்று அடிக்கும் மாதத்தைக் காட்டுவதென்றால் எல்லா ஓலைகளையும் காற்று போகும் பக்கம் சற்றுத் தள்ளிவிடுங்கள். காற்றைக் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

கரும்பனைக்கு நேரான மூங்கில் குச்சி போதும். பனை தென்னையைப்போல் வளைவதில்லை. ஒன்றரை செ.மீ. வட்டத் தாளைக் குடைபோல் மடிப்பு மடிப்பாக மடித்து, ஓரத்தை முக்கோணமாகக் கத்தரித்து விரித்தால் விசிறி ஓலை. இப்படி முப்பதைக் காம்புக் கம்பிகளில் ஒட்டி எல்லாத் திசையிலும் செருகினால் மேற்பகுதி உருண்டையாக நிற்கும். அந்த உருண்டைதான் பனையின் முகம். ஏறி ஓலை கழிக்கும் பனைக்கு அடியில் சுத்தமாக இருக்கும். ஏறாமல் விட்ட பனைக்குக் காய்ந்த ஓலைகள் பாவாடையாகத் தொங்கும். வயல் வரப்பில் நிற்கும் ஐந்து பனைகளில் இரண்டைக் கழிக்காமல் விட்டால் அந்த இடத்துக்கு ஒரு கதை வந்துவிடும்.

ஆரியங்காவு வாசகர்: இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழைக்குப் பிறகு என் மரங்களில் வெண்பூஞ்சை பூத்துவிட்டது. குச்சியாலும் பஞ்சாலும் செய்தவைதான் அதிகம் கெட்டன. தடுக்க வழி உண்டா?

உங்கள் மலையில் மழைக்காலத்தில் செருப்பே பூஞ்சை பிடிக்கும்போது இவை தப்புமா? காய்ந்த குச்சி, மரத்தூள், பஞ்சு, இவற்றோடு ஈரக்காற்று. பூஞ்சைக்கு இதற்கு மேல் என்ன விருந்து வேண்டும்? இயன்றவரை கம்பியும் புட்டியும் கடற்பஞ்சு வகைச் செயற்கை நுரையுமாகச் செய்வது முதல் தற்காப்பு. குச்சியைத்தான் பயன்படுத்துவதென்றால் சித்திரை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த வெந்நீரில் முக்கி எடுத்து, மீண்டும் காயவைத்து, அக்ரிலிக் வண்ணத்தை முழுவதும் மூடும்படி பூசியபிறகு மட்டுமே பசையைத் தொடுங்கள்.

இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டு வெங்காரக் கரைசலை நேராக ஃபெவிகால் கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கினேன். கண்ணெதிரே கிண்ணத்திலிருந்த பசை முழுவதும் கெட்டிப்பட்டு, குச்சியோடு ஒரே கட்டியாக எழும்பி வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. வெள்ளைப் பசையும் வெங்காரமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக் குழந்தைகள் ஒரு வாரம் விளையாடினார்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் இலைகளைக் கிளிசரினில் ஊறவைக்கச் சொல்லும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால், வறண்ட ஊருக்கு அது சரி. ஆரியங்காவில் உங்கள் மரங்கள் வியர்த்து வழியும். மழை நாட்களில் பலகையைப் பாலித்தீன் போட்டு இறுக மூடாமல், மெல்லிய துணியால் மூடி மேலே ஒரு விசிறியைச் சுழலவிடுவதே நல்லது.

சித்தூர் மாவட்ட வாசகர்: எங்கள் பக்கத்து மாந்தோப்பின் வழியே செல்லும் ரயிலை அமைக்கிறேன். மாமரத்துக்குத் தெர்மகோல் உருண்டையை வைத்துப் பச்சை ஸ்ப்ரே அடித்தால் உருண்டை உருகிப்போகிறது. ஏன்?

ஸ்ப்ரே வண்ணத்தில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைக் கரைத்துவிடுகிறது. தண்ணீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால் பூசினால் உருகாது. ஆனாலும் தெர்மகோலே வேண்டாம் என்போம். கைக்கெட்டும் தூரத்தில் தோப்பை வைத்துக்கொண்டு உருண்டையைத் தேடுவானேன்? பிஞ்சு பிடிக்காமல் காய்ந்து நிற்கும் மாம்பூக் காம்பை ஒடித்துப் பாருங்கள்: தண்டு, கிளை, கிளைக்குள் கிளை என்று ஒரு மரம் முழுவதுமே அதில் இருக்கும். நான்கைந்து காம்புகளை அடியில் சேர்த்துக் கட்டி, 12 செ.மீ. உயரத்தில் தாழ்ந்த கவிகையாகப் பரப்பி, கரும்பச்சை இலைத்தூளைத் தூவினால் கிளிமூக்கு மாமரம் வந்துவிடும். அங்கங்கே இரண்டு மூன்று கொத்துகளில் மட்டும் தளிரின் செம்பு நிறத்தைக் கொடுங்கள். மாமரம் எல்லாக் கிளையிலும் ஒரே நேரத்தில் தளிர்ப்பதில்லை. பழைய முறைத் தோப்பு என்றால் மரத்துக்கு மரம் 10 மீட்டர், மாதிரியில் பதினொன்றரை செ.மீ.

புளியரை வாசகி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய ரயிலுக்கு நாங்களிருவரும் சேர்ந்து மரங்களை நட்டோம். ஆனால் உதிர்ந்த பச்சைத்தூள் எஞ்சின் சக்கரத்தில் சிக்கி வண்டி நின்றுவிடுகிறது. வளைவில் பெட்டி மரத்தில் மோதுகிறது. மரங்களைப் பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு மரத்தையும் பலகையில் நடுவதற்கு முன்பே முற்றத்துக்குக் கொண்டுபோய், முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இலைகளின்மேல் அடித்துக் காயவைத்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். விழ வேண்டியது அங்கேயே விழுந்துவிடும். தூளுக்குப் பதிலாகக் காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சை தோய்த்துப் பயன்படுத்தினால் உதிர்வதே குறைவு; சிறுவன் கையாள்வதற்கும் எளிது.

வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்புறமும் இரு முனைகள் வெளிப்புறமும் தள்ளிக்கொண்டு போகும். இருப்பதிலேயே நீளமான பெட்டியின் இரு முனைகளிலும் நடுவிலும் பென்சில் முனைகளை ஒட்டிக் கையால் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். தரையில் விழும் கோடுகளுக்கு வெளியே ஒரு செ.மீ. விட்டு மரம் நட்டால் மோதாது. மரத்தைப் பசை வைத்து ஒட்டிவிடாமல், தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் குழாயை இரண்டு செ.மீ. நறுக்கிப் பலகையில் பதித்து, மரத்தின் அடிக்கம்பியை அதற்குள் செருகி வையுங்கள். ரீஃபிலில் மை மிச்சமிருந்தால் முதலில் கழுவிவிடுங்கள்.